கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் செய்துதர வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "நான் வாசிச்சுப் பதிவு பண்ணித் தரட்டுமா?" என்றுதான். நல்ல மனசு, பல பேருக்கு நல்ல குரலும் உண்டு. ஆனால் மதுரையில் எம்.ஏ. தமிழ் படிக்கிற ஒருவருக்கும், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதப்போகிற ஒருவருக்கும் இன்றைக்கு முதலில் வேண்டியது இன்னொருவர் குரல் இல்லை, பிழையில்லாத எழுத்துக்கோப்பு. அவர் போனில் டாக்பேக் இருக்கிறது, கணினியில் என்விடிஏ இருக்கிறது. இரண்டுமே திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான்கள். அவை வாசித்துக்கொள்ளும், அதுவும் நாம் வாசிப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில். அவை வாசிக்கிற மாதிரி எழுத்தைத் திருத்திக் கொடுப்பதுதான் மீதி வேலை. சத்தமில்லாத வேலை, படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடவும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஆண்டுக்கணக்காகத் தங்குகிறவர்கள் இந்த வேலைக்கு வந்தவர்கள்தான். அது ஏன் என்று புரிய, வேலை என்ன என்று முதலில் தெரிய வேண்டும்.

புத்தகத்தைக் கையில் எடுக்கும் முன், அதை வேறு யாரும் ஏற்கெனவே முடித்திருக்கிறார்களா என்று தேடுங்கள். 2016 ஆகஸ்ட் 24 அன்று தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற, பார்வையற்றோருக்கான இணைய நூலகம் இருக்கிறது. அதே போன்ற புக்‌ஷேர் இருக்கிறது. பழைய இலக்கியம் என்றால் மதுரைத் திட்டம். பெயரில்தான் மதுரை. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முதலானோர் தொடங்க, பல நாட்டுத் தமிழர்கள் தட்டச்சிட்டுச் சேர்த்த தொகுப்பு அது. நாட்டுடைமையான ஆசிரியர் என்றால் தமிழ் விக்கிமூலத்தையும் பாருங்கள். அங்கே இன்னும் முடிந்திராவிட்டாலும், அந்த நூலை அங்கேயே திருத்துவது நல்லது: ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் எழுத்து. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கத்தின் குறி மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. உரிமைச் சிக்கல் இல்லை, பார்வையுள்ளவர்களுக்கும் சேர்த்தே பயன்படும்.

இரண்டாவதாகப் பதிப்பகத்தைக் கேளுங்கள். அச்சுக்குப் போன மூலக்கோப்பு கிடைத்தால் பாதி வேலை மிச்சம். ஆனால் அது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய ஃபாண்டுகளில் இருக்கும். இன்றைய கருவிகள் வாசிக்கும் யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு, மாற்றவும் செய்யும். கூடவே நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்தாக உளற வைத்துவிடும், ஏனென்றால் அந்தப் பழைய ஃபாண்டுகளில் தமிழ் எழுத்துக்கும் ஆங்கில எழுத்துக்கும் இடம் ஒன்றுதான். ஆகவே மாற்றும் முன் ஆங்கிலச் சொற்களுக்கு அடையாளம் வைத்துத் தனியே எடுத்து வைக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பிடிஎஃப் பலவற்றிலும் இதே கதைதான். கண்ணுக்குத் தெளிவான தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகளாக வரும். திரைவாசிப்பானும் அந்தக் குறிகளைத்தான் வாசிக்கும்.

இரண்டும் கைகொடுக்காவிட்டால் ஸ்கேன். மாணவர் தன் சொந்தப் பிரதியை வெட்டச் சம்மதித்தால், பைண்டிங் கடையில் கொடுத்து முதுகுப்பக்கம் மூன்று நான்கு மில்லிமீட்டர் வெட்டிவிட்டால் தாள் தாளாக ஸ்கேனரில் போய்விடும், பிறகு திரும்பத் தைத்துக்கொள்ளலாம். நூலகப் பிரதியை வெட்ட முடியாது, போனில் படம் எடுக்க வேண்டியதுதான். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். நடுவில் வளையும் தாளைக் கண்ணாடித் துண்டால் அழுத்திக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி, அடிக்குறிப்பு பொடி எழுத்தாக இருந்தால் 400. வண்ணம் வேண்டாம், ஆனால் சுத்தக் கறுப்பு வெள்ளையும் கூடாது. சாம்பல் முறையில்தான் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் முதலில் தொலைவது மெய்யெழுத்தின் புள்ளி. "பட்டம்" என்பது "படடம" ஆகும். செய்தித்தாள் போன்ற மெல்லிய தாளில் அடித்த கைடுகளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும், அதற்குத் தாளுக்கு அடியில் ஒரு கறுப்புச் சார்ட் அட்டை வைத்தால் சரியாகிவிடும். முடித்ததும் படங்களின் எண்ணிக்கையைப் பக்க எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போயிருப்பது பெரும்பாலும் நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் தெரியவரும்.

படத்தை எழுத்தாக்க டெசராக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது, இணையம் இல்லாமலே ஓடும். சுத்தமான அச்சுக்குக் கூகுள் டிரைவ் வழியாக எழுத்தாக்குவது தமிழில் நன்றாகவே வருகிறது. முழுப் புத்தகத்தையும் ஒரேயடியாகப் போடாமல் பத்துப் பத்துப் பக்கமாகப் போடுங்கள். 98 சதவீதம் சரியாக வந்தால் பிரமாதம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 1200 எழுத்து என்று வைத்தாலும் 24 பிழை. 200 பக்கத்துக்கு 4800.

அதிலும் சில பிழைகள் தமிழுக்கே உரியவை. தமிழ் அச்சில் வரி முடிந்தால் சொல்லை எந்த இடத்திலும் உடைப்பார்கள், இடையில் கோடும் போட மாட்டார்கள். "படித்துக்கொண்டிருந்" என்று ஒரு வரி முடியும், "தார்கள்" என்று அடுத்தது தொடங்கும். இயந்திரத்துக்கு அது ஒரு சொல்லா இரண்டா என்று தெரியாது. எல்லா வரிமுடிவையும் ஒட்டினால் தனிச்சொற்கள் ஒட்டிக்கொள்ளும், எல்லாவற்றையும் பிரித்தால் சொற்கள் உடையும். தமிழ் தெரிந்த ஆள் ஒருவர் வரிவரியாகப் பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பக்கத் தலையிலும் இருக்கும் நூற்பெயரையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாக்கியம் பாதியில் நிற்கும்போது நூற்பெயர் ஒலிக்கும். 1978க்கு முந்தைய அச்சு என்றால் துதிக்கை வைத்த பழைய லை, னை, துணைக்கால் தனியே நிற்காத பழைய ணா, றா எல்லாம் வரும். அவற்றை எழுத்தாக்கும் மென்பொருள் என்னென்னவோ ஆக்கிவிடும்.

இவையெல்லாம் கண்ணில் படும் பிழைகள். கண்ணில் படாத பிழைகள்தான் நம் பொறுமையைச் சோதிப்பவை. துணைக்காலும் ரகரமும் பல ஃபாண்டுகளில் ஒரே மாதிரித்தான் இருக்கும். "கொள்கை" என்று திரையில் தெரியும், உள்ளே இருப்பதோ ஒற்றைக்கொம்பு, ககரம், ரகரம். திரைவாசிப்பான் "கெரள்கை" என்று வாசிக்கும். "கௌரவம்" பார்க்கச் சரியாக இருக்கும், ஔகாரக் குறிக்குப் பதில் ளகரம் உட்கார்ந்திருந்தால் "கெளரவம்" என்று ஒலிக்கும். ககரத்துக்குப் பதில் தமிழ் எண் ௧, எகரத்துக்குப் பதில் ௭, அகரத்துக்குப் பதில் ௮ வந்துவிட்டால் சொல்லுக்கு நடுவே "ஒன்று", "ஏழு", "எட்டு" என்று கேட்கும்.

இதற்குக் கணினி தெரிந்த தம்பிகள் சொல்லும் வழி, எல்லாவற்றையும் தேடி ஒரே தட்டில் மாற்றிவிடலாம் என்பது. தமிழ் எண்களுக்கு அது சரி, நூலில் தமிழ் எண் எங்கும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு. பழைய நூல்களின் முன்னுரையில் பக்க எண்ணே அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றினால் வெளி, வெள்ளி, தெளிவு எல்லாம் போய்விடும். கொம்பும் ரகரமும் சேர்ந்த இடத்தையெல்லாம் ஒகரமாக மாற்றினால் பெரியவரும் போவார், தெரிந்ததும் போகும். ஒவ்வொன்றாக நிறுத்தி, பார்த்து, மாற்ற வேண்டும். மாற்றும் முன் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

கண்ணால் பார்த்தால் தெரியாத பிழையைக் காதுதான் பிடிக்கும். அதனால் இந்த வேலையை இருவராகச் செய்வதுதான் முறை. பார்வையுள்ளவர் படத்தை வைத்து முதல் திருத்தம் செய்வார். பார்வையற்றவர் என்விடிஏயில் கேட்டுக்கொண்டே இரண்டாம் திருத்தம் செய்வார். ஐயம் வரும் இடத்தில் ஒரு குறி போடுவார், இல்லாவிட்டால் போன் அடிப்பார்: "அண்ணே, 112ஆம் பக்கம் நாலாவது பத்தி பாருங்க, 'பரண்டியர்'ன்னு வாசிக்குது. பாண்டியரா, வேற எதுவுமா?" அச்சைப் பார்த்துச் சொல்ல இவர், பிழையைப் பிடிக்க அவர். பார்வையற்றவரை வாங்கிக்கொள்கிறவராக மட்டும் வைத்து நடத்தும் குழுக்களின் கோப்புகளில் இந்த வகைப் பிழைகள் அப்படியே கிடக்கின்றன, ஏனென்றால் அங்கே பார்த்தவர்கள் அத்தனை பேரும் கண்ணால் பார்த்தவர்கள். என்விடிஏயே 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்றவர் எழுதத் தொடங்கியதுதான், பிறகு ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்றவர் கைகொடுத்தார். இன்றுவரை இலவசமாகவே கிடைக்கிறது.

எழுத்து சரியானால் புத்தகம் முடிந்துவிடாது. கண் உள்ளவர் விரலால் புரட்டி இயல் தலைப்பைப் பிடித்துவிடுவார். கேட்டுப் படிக்கிறவருக்கு அந்த வசதியை நாம்தான் வைக்க வேண்டும். வேர்டில் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது, ஹெடிங் 1, ஹெடிங் 2 என்ற பாணியைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அவர் எச் விசையைத் தட்டித் தட்டி இயல் இயலாகத் தாவ முடியும். பக்க எண்ணை ஒவ்வொரு பக்கத் தொடக்கத்திலும் தனி வரியில், ஹெடிங் 6 ஆக வைப்பது வசதி. வகுப்பில் ஆசிரியர் "அறுபத்து மூணாம் பக்கம் எடுங்கப்பா" என்றால் அவரும் எடுக்க வேண்டும் அல்லவா. அட்டவணையில் கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள். இணைத்தால் எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று குழம்பிவிடும். பொருளாதாரப் புத்தகத்தில் இரண்டு மூன்று மாடித் தலைப்போடு ஓர் அட்டவணை வந்தால், அதை இரண்டு எளிய அட்டவணையாக உடைப்பதே நல்லது.

படத்துக்கு விளக்கம் எழுதுவதில் எல்லாரும் வழுக்குகிறார்கள். "அழகிய வண்ணப் படம்" என்று எழுதுவார்கள், இல்லாவிட்டால் அரைப் பக்கம் வர்ணிப்பார்கள். பாடம் எதைக் காட்ட அந்தப் படத்தை வைத்தது என்று பாருங்கள். வைகையின் வரைபடம் என்றால், வருசநாட்டு மலையில் தோன்றி, தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் வழியாகப் போகிறது, வைகை அணை ஆண்டிபட்டி அருகே இருக்கிறது என்று மூன்று வரியில் முடிக்கலாம். ஆற்றை நீல நிறத்தில் வரைந்திருப்பது தேர்வுக்கு வராது.

சங்க இலக்கியம்தான் இங்கே கடினமான நூல். தமிழ் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் மதுரைக் கல்லூரிகளில் நிறையப் பேர், அவர்கள் கேட்பது உரையோடு கூடிய பதிப்பு. மூலம் இணையத்தில் கிடைக்கும், உரை கிடைப்பது அரிது. ஒரு பாட்டுக்கு மூலம், பதவுரை, பொழிப்பு, விளக்கம், இலக்கணக் குறிப்பு, மேற்கோள் என்று ஆறு அடுக்கு இருக்கும், அச்சில் எழுத்தின் அளவை வைத்தே அவற்றைப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். எழுத்துக்கோப்பில் அளவு காதில் விழாது. ஆகவே ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு சொல் முன்னால் வைக்க வேண்டும்: "மூலம்", "உரை", "மேற்கோள்". செய்யுளின் அடிகளைத் தனித்தனி வரியாகவே விட வேண்டும், உரைநடை போல ஓட்டிவிட்டால் அடிக்கணக்கு தெரியாது. சந்தி பிரித்த வடிவம் வேண்டும் என்று கேட்டால் மூலத்தை மாற்றாமல் அதற்குக் கீழே தனியாகக் கொடுங்கள். யாப்புக் கேள்விக்கு மூலமும், பொருள் புரிய பிரித்ததும் அவருக்கு வேண்டியிருக்கும்.

குரல் பதிவுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. சர்க்கரையாலோ கண் நீர் அழுத்தத்தாலோ ஐம்பது வயதுக்கு மேல் பார்வை போனவர்கள் பிரெய்லும் கற்றிருக்க மாட்டார்கள், திரைவாசிப்பானின் இயந்திரக் குரலும் அவர்களுக்குப் பிடிக்காது. அவர்களுக்குக் கதையும் நாவலும் மனிதக் குரலில்தான் வேண்டும். மாணவருக்கு மட்டும் பதிவை முதல் வழியாக வைக்காதீர்கள், ஒலியில் எழுத்துக்கூட்டல் தெரியாது. நம் ஊர்ப் பேச்சில் ழகரம் ளகரமாகவே போகும். "வாள்க்கை", "பளக்கம்" என்று வாசித்துப் பதிந்தால் கேட்பவர் அதையே எழுத்தென்று எடுத்துக்கொள்வார். நகர னகர வேறுபாடோ யார் வாசித்தாலும் காதில் பிரியாது. எழுத்துக்கோப்பு என்றால் சந்தேகமுள்ள சொல்லில் எழுத்தெழுத்தாகப் போய்ப் பார்த்துக்கொள்வார்.

பதிவு செய்வதானால் மின்விசிறியை நிறுத்த வேண்டும், சித்திரை வெயிலில் அதற்கு மேல் இருபது நிமிடம் யாரும் தாங்க மாட்டார்கள். விடிகாலையில் பதியலாம், மார்கழியில் அதுவும் கிடையாது, நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். மெத்தையும் துணிமணியும் நிறைந்த உள்ளறை நல்லது, வெறும் சுவர் எதிரொலிக்கும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்று ஓரமாக இருக்கட்டும், பகரத்தின் காற்று மைக்கில் மோதாது. ஒற்றைத்தடம் (மோனோ), நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3 போதும், ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் இரைச்சலை அளவுக்கு மேல் நீக்காதீர்கள், குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலாகிவிடும். இயலுக்கு ஒரு கோப்பு, பெயர் 01, 02 என்று தொடங்க வேண்டும். வெறும் 1, 2 என்று வைத்தால் பல கருவிகளில் 1க்குப் பிறகு 10 ஓடும். அடிக்குறிப்பு வந்தால் "அடிக்குறிப்பு" என்று சொல்லி வாசித்து, "அடிக்குறிப்பு முடிந்தது" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

பிரெய்லைப் பற்றிச் சுருக்கமாக: நல்ல எழுத்துக்கோப்பு இருந்தால் பிரெய்ல் தானே வரும், மென்பொருள் மாற்றிக்கொள்ளும். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லில்தான் தமிழும் எழுதப்படுகிறது. ஒலி வரும் வரிசையில்தான் எழுத்தும் வரும், "கொ" என்றால் முதலில் ககரம், பிறகு ஒகரம். மெய்க்குப் புள்ளி எழுத்துக்கு முன்னால், ஆறு புள்ளிக் கட்டத்தின் நான்காம் புள்ளியாக. கோப்பில் ஒகரத்துக்குப் பதில் கொம்பும் ரகரமும் இருந்தால் பிரெய்லிலும் "கெர" என்றே குத்தப்படும், தடித்த தாளில், அழிக்க முடியாமல். அச்சில் ஒரு பக்கம் பிரெய்லில் இரண்டரை மூன்று பக்கம் ஆகும் என்பதால் பிழையின் விலையும் கூடுதல்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் சேர்த்த விதியின்படி, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக இலாபநோக்கில்லாமல் ஒரு நூலை அணுகத்தக்க வடிவில் ஆக்க ஆசிரியரின் அனுமதி வேண்டியதில்லை. இதே நோக்கத்துக்காக 2013இல் மொராக்கோவின் மராக்கேஷில் உருவான உலக ஒப்பந்தத்தை 2014இல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சலுகை யாருக்கோ அவருக்கு மட்டும்தான். கோப்பைப் பொது வாட்ஸ்அப் குழுவில் போட்டாலோ, பதிவை யூடியூபில் ஏற்றினாலோ அது வெறும் திருட்டுப் பிரதி. அடுத்த முறை அந்தப் பதிப்பகத்திடம் மூலக்கோப்பு கேட்டுப் போக முடியாது. கேட்டவரின் பென் டிரைவில் கொடுங்கள், இல்லாவிட்டால் சுகம்ய புஸ்தகாலயாவில் உறுப்பாக உள்ள ஓர் அமைப்பு வழியாகச் சேருங்கள்.

இப்போது, தங்குகிறவர்கள் ஏன் தங்குகிறார்கள் என்று தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு வரலாம். புண்ணியம் என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. அதில் தவறு ஏதுமில்லை, ஆனால் புண்ணியத்துக்குப் பத்துப் பக்கமே தாராளம், பதினோராம் பக்கத்தில் துணைக்கால் தேடும்போது அது உதவாது. பிறந்தநாளுக்கு ஒரு நாள் சேவை என்று இருபது பேராக வருகிறவர்களால் ஒரு புத்தகமும் முடிந்ததில்லை. இருபது பேர் இருபது விதமாகத் திருத்தியதை ஒன்றாக்க மறுபடி ஒருவர் உட்கார வேண்டும். நிலைக்கிறவர்கள் வேறு வகை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த பழைய கம்பாசிடர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பதினொன்று முதல் ஒன்று வரை நேரம் வைத்திருக்கும் பெண்கள். பிழையைக் கண்டால் இவர்களுக்குக் கை நமநமக்கும், பார்வையற்றவர் படிக்காவிட்டாலும் திருத்துவார்கள். இன்னொரு காரணம், வெளியே சொல்லக் கூச்சப்படும் காரணம்: ஒரு நூலை எழுத்து விடாமல் படிக்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது. ஒரு நூலை இப்படித் திருத்தி முடித்தவர் அதில் எந்த இடத்தைக் கேட்டாலும் சொல்வார்.

இவை போக, ஆளை நிறுத்தி வைப்பது தேதி. "பார்வையற்றோருக்காக" என்று செய்தால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று போகும். "செல்விக்கு நவம்பரில் செமஸ்டர், மூன்றாம் அலகு இன்னும் வரவில்லை" என்றால் ராத்திரி உட்கார்வார்கள். ஆகவே புதிதாக வருகிறவருக்கு நூல்களின் பட்டியலைக் கொடுக்கக் கூடாது, ஒரு வாசகரின் போன் எண்ணைக் கொடுக்க வேண்டும், அவர் சம்மதத்தோடு. எந்தப் பாடம் முதலில் வேண்டும், எப்போதைக்குள், உரை வேண்டுமா, பக்க எண் வேண்டுமா என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். பல சமயம் முழுப் புத்தகமே தேவைப்படாது, பாடத்திட்டத்தில் உள்ள நாற்பது பக்கம் மட்டும் போதும் என்பார், பல மணி நேரம் மிச்சமாகும்.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சுத்தமான புது அச்சு என்றால் பழகிய கைக்கு ஒரு பக்கம் எட்டு முதல் பத்து நிமிடம். தொடக்கத்தில் இருபது ஆகும். பழைய அச்சும் உரைநூலும் அதைப் போல இரண்டு மடங்கு. ஒரு நாளைக்கு ஐந்து பக்கத்துக்கு மேல் எடுக்க வேண்டாம், ஆறாம் பக்கத்தில் கண் பிழையைப் பார்த்துக்கொண்டே தாண்டும். தொடங்க நினைப்பவர் முதலில் பத்துப் பக்கம் மட்டும் எடுத்து, தலைப்பும் பக்க எண்ணும் வைத்து முடித்து, கேட்டவருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் கேட்டுவிட்டுக் குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். முதல் கோப்பில் குறிகள் நிறையவே இருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டுப் பதினோராம் பக்கத்தைத் தொடங்குங்கள்.